மருத்துவரின் ஓய்வும் நோயாளியின் உரிமையும்

தமிழக அரசு மருத்துவர்களுக்கு ஓய்வு பெறும் வயது 60 என்று அரசாணையே வகுத்துவிடுகிறது. சொந்தமாகக் கிளினிக் நடத்துபவருக்கு அப்படியொரு வரம்பு இல்லை. எப்போது நிறுத்துவது என்ற முடிவு முழுக்க அவரிடமே விடப்பட்டிருப்பதால், கையும் நினைவும் தளர்ந்து, முடிவெடுக்கும் திறனே குன்றிய பிறகுதான் பல நேரங்களில் அந்தக் கேள்வி எழுகிறது.

மார்பறுவை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளான பின்னும் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் அறுவை சிகிச்சைகளைத் தொடர்ந்தார். 1949 இறுதியில் அவர் விலக்கப்படும்வரை, அவருடைய புகழின் முன் சுற்றியிருந்தோர் தயங்கி நின்றதற்கு நோயாளிகள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். மேதைமை முதுமைக்குக் காப்பு அல்ல என்பதால், ஐம்பதுகளிலேயே, அறிவு தெளிவாக இருக்கும்போதே, ஓய்வுக்கான படிகளை எழுதிவைப்பதும், தளர்ச்சி தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லும் பொறுப்பை நம்பிக்கைக்குரிய சக மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைப்பதும் இன்றியமையாதவை. முதலில் இரவுநேர அவசர சிகிச்சை, அடுத்து அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, புறநோயாளிகளைப் பார்ப்பதையும் இளையவர்களுக்குக் கற்பிப்பதையும் மட்டும் வைத்துக்கொள்பவருக்கு ஓய்வு ஒரே நாளில் வந்து விழும் இழப்பாக இராது.

நோயாளியின் நிலை இன்னும் கவலைக்குரியது. வலிப்புக்கோ சர்க்கரைக்கோ இருபது ஆண்டுகள் ஒரே மருத்துவரிடம் சென்றவரின் நோய் வரலாறு பெரும்பாலும் அந்த மருத்துவரின் நினைவில்தான் இருக்கிறது. கிளினிக் மூடப்பட்டால் எந்த மருந்து ஒவ்வாமல் எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சொல்ல எவரும் இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், போதிய முன்னறிவிப்பின்றி நோயாளியைக் கைவிடக் கூடாது என்கின்றனவே தவிர, எத்தனை நாள் என்று கூறவில்லை. ஆவணங்களை 3 ஆண்டுகள் காக்கும் கடமையையும் உள்நோயாளிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலோ, தொழிலை நிறுத்தும் மருத்துவர் குறைந்தது 90 நாட்களுக்கு முன் நோயாளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது மருத்துவர் ஒழுங்குமுறை அமைப்பின் விதி.

மருத்துவரின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. நுகர்வோர் சட்டப்படி, வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை புகார் அளிக்கலாம் என்பதால், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை, அதாவது சிகிச்சைக் குறை வழக்குகளில் இழப்பீட்டை ஏற்கும் காப்பீட்டை, கிளினிக்கை மூடிய அன்றே கைவிடுவது ஆபத்தானது.

முன்னறிவிப்புக்கான நாட்கணக்கையும், புறநோயாளியின் ஆவணங்கள் யாரிடம் சேரவேண்டும் என்பதையும் தேசிய மருத்துவ ஆணையம் விதியாகவே வகுக்க வேண்டும். அதுவரை மருத்துவ சங்கங்களின் மாவட்டக் கிளைகள் தாமாகவே இந்த நடைமுறையைத் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.