பஸ் என்றால் நமக்கு இளப்பம்

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பிய செய்தி வந்த வாரம், எங்கள் கொடுமுடி டீக்கடை வரைக்கும் சூடு பறந்தது. 2011 கணக்கெடுப்புப்படி கோவையில் மெட்ரோவுக்கு வேண்டிய இருபது லட்சம் மக்கள் இல்லையாம். மதுரையில் ஏறுகிற கூட்டத்துக்கு பி.ஆர்.டி.எஸ். என்கிற விரைவுப் பேருந்துத் தடமே பொருத்தமாம். "மத்த ஊருக்கெல்லாம் மெட்ரோ, நம்மூருக்குன்னா பஸ்ஸுங்களா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த 'பஸ்ஸுங்களா' செருப்பில் ஏறிய முள் மாதிரி குத்திக்கொண்டே வந்தது.

பஸ்ஸை இளப்பமாகப் பேச நமக்கு என்ன யோக்கியதை? இங்கிருந்து காவிரியை ஒட்டிக் கீழே போனால் கரூர். தென்னிந்தியாவில் ஓடும் பஸ்களில் எத்தனையோ அங்கேதான் கூடு கட்டப்படுகின்றன. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தம் எடுக்க நம் படித்துறைக்கு வருகிற கூட்டத்தில் பாதி பஸ்ஸில் வந்தது. பஸ்ஸால் வளர்ந்த சீமை இது. ஆனால் பெண் பார்க்கப் போனால் நாம் கேட்கிற முதல் நாலு கேள்விக்குள், "மாப்பிள்ளைக்குக் கார் இருக்குதுங்களா?" வந்துவிடும். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றதும், 'ஓசி பஸ்' என்று பேர் வைத்துச் சிரித்தோமே, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருசம் இருக்கும். அம்மிச்சியைக் கண் காட்டுவதற்குக் கோவைக்குக் கூட்டிப் போனேன். ஈரோட்டில் மாறி, அவிநாசி சாலை வழியாகப் போனோம். ஹோப் காலேஜில் பஸ் ஓரம் கட்டவில்லை. நடு ரோட்டிலேயே நின்றது. பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவே ஸ்கூட்டர்கள் புகுந்து போய்க்கொண்டிருந்தன. லாரிச் சட்டத்தின் மேல் கூடு கட்டும் வழக்கத்தில், பஸ்ஸின் கீழ்ப்படியே முழங்காலுக்கு வரும். "இரு சாமி, கால் எட்டமாட்டேங்குது" என்று அம்மிச்சி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குழந்தை திண்ணையிலிருந்து இறங்குவது போல் இறங்கினார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. அடுத்த முறை டாக்ஸி பேசினேன். அதற்கடுத்து நானே கார் வாங்கினேன். எங்கள் வீட்டுக்குப் பிரச்சினை தீர்ந்தது. அந்தப் படி அதே உயரத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் ஒரு தபால் கார்டுகூட நான் எழுதவில்லை.

பி.ஆர்.டி.எஸ். நிலையம் என்றால் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நம்மூர் ரயிலடியை நினைத்துக்கொண்டால் போதும். அந்த நடைமேடையை ரோட்டின் நடுவில் கொண்டுபோய் வைப்பது. மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம், படியே கிடையாது. டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுவதால் கண்டக்டருக்காகவும் சில்லறைக்காகவும் பஸ் காத்து நிற்காது. இருபுறமும் பஸ்ஸுக்கென்றே தனித்தடம். பிரேசிலின் குரிச்சிபாவில் 1974இல் தனித்தடமாகத் தொடங்கி வளர்ந்த ஏற்பாடு இது. கொலம்பியாவின் போகோட்டாவில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் மட்டும் 40,000 பேருக்கு மேல் இப்படிப் போகிறார்கள். வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. பக்கத்தில் கர்நாடகத்தில், ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே 'சிகரி' பஸ்கள் 2018இலிருந்து ஓடுகின்றன. அம்மிச்சி போன்றவர்கள் அங்கே பஸ்ஸுக்குள் ஏறுவதில்லை, நடந்து நுழைகிறார்கள்.

ஜே.என்.என்.யு.ஆர்.எம். என்கிற மத்திய அரசுத் திட்டத்தின் பணம் நகரங்களுக்கு வந்த காலத்தில் கோவைக்கும் இதைப் பேசினார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கி, அவிநாசி சாலையில் சின்னியம்பாளையம் வரை தடம். ஈரோட்டுப் பக்கமிருந்து வருகிற நாங்கள் நகரத்துக்குள் நுழைகிற அதே சாலை. வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் யாரும் கேட்கவும் இல்லை. கடைக்காரர்களான நாம் வாசலில் பார்க்கிங் போய்விடுமே என்று கணக்குப் போட்டோம். கார்க்காரர்களான நாம், இருக்கிற ரோட்டிலும் பாதி போய்விடும் என்றோம். பஸ்ஸில் போகிறவர்களான நாம், நமக்கு எதுக்குங்க வம்பு என்று இருந்துவிட்டோம். இந்த மூன்றாவது கூட்டம்தான் பெரிய கூட்டம்.

டெல்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டருக்கு 2008இல் போட்ட தடத்தை 2016இல் இடித்தார்கள். போபாலில் 2024இல் பெயர்க்கத் தொடங்கினார்கள். இந்தச் செய்திகளைப் படித்தபோது, 'நல்லவேளை, நம்மூருக்கு வரவில்லை' என்றுதான் தோன்றியது. டெல்லியில் அலறியவர்களில் கார்க்காரர்கள் அதிகம் என்பதோ, தடத்துக்கு எதிரான வழக்கை 2012இல் அங்கே உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதோ நம் காதில் விழவில்லை. அங்கே கட்டுமானத்தில் கோளாறே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோட்டின் நடுவே இருக்கும் மேடைக்குக் கடந்து போக ஒழுங்கான வழி இல்லாவிட்டால் அது தீவு. ஆனால் நாம் கோளாறை ஆராய்ந்து பார்த்து வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை. ஆராயாமலே நிம்மதிப்பட்டவர்கள்.

நாம் கொண்டாடியது பாலத்தை. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை திறந்த வாரத்தில் நானும் குடும்பத்தோடு காரில் போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். சின்னவன் வீடியோ எடுத்தான். வழுக்கிக்கொண்டு போனது, பொய் சொல்லக் கூடாது. பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர். பஸ் முதலாளி பெயரில் பாலம் கட்டியிருக்கிறோம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி இறக்கும் டவுன் பஸ்ஸுக்கு அதன்மேல் வேலையில்லை. ஹோப் காலேஜில் இறங்குகிறவர்கள் இப்போது தூண்களுக்கு இடையே இறங்குகிறார்கள்.

இதை எழுத உட்காருமுன் அதே டீக்கடைக்குப் போனேன். விடிகாலையில் கிளம்பினால் பஸ்ஸிலேயே எத்தனை மணிக்குக் கோவை போய்ச் சேரலாம் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டேன். மெட்ரோவுக்காகக் கொதித்த அதே ஆட்கள்தான். ஒருவர் ரயிலைச் சொன்னார். இன்னொருவர், "உங்க கார் எங்கீங்?" என்றார். உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எத்தன மணிக்குங்க அங்க இருக்கோணும்?" என்று கேட்டார். "ஈரோட்டுல மாறோணும். மொத பஸ்ஸ உட்டீங்கன்னா உக்கார எடமிருக்காதுங்."