உறை பிரிக்காத பாட்டு

ஜேசன் மோலினா 2013 மார்ச் 16ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இறந்தார். வயது 39. குடி, அதன் விளைவாக உள்ளுறுப்புகள் செயலற்றுப் போயின. செய்தி இவ்வளவுதான். அதற்குப் பின் நடந்துகொண்டிருப்பது ஒரு பஜனை. பஜனை செய்கிறவர்கள் யாரும் அயோக்கியர்கள் இல்லை. அவர்களில் சிலர் என் சிநேகிதர்கள். அவர்களுடைய அலமாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. வியாபாரியிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அவன் விலை சொல்கிறான், அது அவன் தொழில். அன்பு என்று சொல்லிக்கொள்கிறவனிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

மோலினாவை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், லோரெய்ன் என்ற எஃகு ஆலை ஊரில் வளர்ந்தவர். 1996ல் ஒரு சிறு தட்டு. 1997ல் முதல் எல்பி. ‘ஸாங்ஸ்: ஒஹையா’ என்பது அப்போது அவர் வைத்துக்கொண்ட பெயர். இண்டியானாவின் ப்ளூமிங்டனிலிருந்து நடந்த ஸீக்ரட்லி கனேடியன் என்ற சிறு நிறுவனம் அவருடைய எல்பிகளை வெளியிட்டு வந்தது. 2000ல் ‘தி லயனெஸ்’, 2002ல் ‘டிடன்ட் இட் ரெய்ன்’, 2003ல் ‘மக்னோலியா எலக்ட்ரிக் கோ.’ கடைசியாகச் சொன்னதைச் சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி ஒலிப்பதிவு செய்தார். நாட்டுப்பாட்டின் தனிமையும் ராக் வாத்தியங்களின் கனமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கிற இடம் அது. மோலினாவின் சொற்கள் மிகக் குறைவு. நிலா, ஓநாய், மின்னல், இரவு நெடுஞ்சாலை, ஆவி. இந்தக் கைப்பிடிச் சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஒரு உலகத்தை எழுப்பினார். சொல் வறுமை என்று முதலில் தோன்றும். நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் அது ஒரு விரதம் என்று புரியும்.

நாலைந்து தடவை கேட்க வேண்டும். விவகாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மோலினாவின் தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் என்ன பேச்சு நடக்கிறது? முதல் பதிப்பா, மறுபதிப்பா? கறுப்பா, கலரா? எத்தனை பிரதிகள் போட்டது? உறையின் மூலை நசுங்கியிருக்கிறதா? கண்ணாடித்தாள் பிரிக்கப்படாததுதானே? பாட்டைப் பற்றிய பேச்சு “அற்புதம்”, “உயிரை உருக்குகிறது” என்ற இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. எண்களைப் பற்றிய பேச்சு இரவு முழுக்க நீள்கிறது. ஒருவர் சொன்னார்: “என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று கேட்க, ஒன்று வைத்துக்கொள்ள.” வைத்துக்கொள்ள என்றால் எதற்கு? பாட்டை எப்படி வைத்துக்கொள்வது? ஊசி தொடாத தட்டில் பாட்டு இல்லை. பாட்டுக்கான ஏற்பாடுதான் இருக்கிறது.

இது ஏதோ ஒருவரின் விசித்திரம் என்று ஒதுக்க வழியில்லை. அமெரிக்காவில் 2022ல் 4 கோடியே 10 லட்சம் எல்பி தட்டுகள் விற்றன. எண்ணிக்கையில் 1987க்குப் பின் முதல் தடவையாக அவை சிடியைத் தாண்டின. 2023ல் லூமினேட் என்ற கணிப்பு நிறுவனம் சொன்ன இன்னொரு விஷயம்: அங்கே தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் ரிக்கார்டு ப்ளேயர் இருக்கிறது. மீதிப் பாதி? புத்தகம் வாங்கிப் படிக்காமல் வைத்திருப்பவனாவது என்றாவது ஒருநாள் எடுத்துப் புரட்டலாம். இவர்களிடம் புரட்டுவதற்கான கருவியே கிடையாது.

“இல்லை, எங்களுக்குக் காது இருக்கிறது, நாங்கள் ஒலிக்காக வாங்குகிறோம்” என்று சொல்கிற வர்க்கம் ஒன்று உண்டு. நாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய தட்டின் உஷ்ணம் டிஜிட்டலில் வராது என்பது இவர்களது வேதம். 2022ல் என்ன ஆயிற்று? மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளில், சுத்த அனலாக் என்று இவர்கள் நம்பி நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவை உட்படப் பலவற்றின் தயாரிப்பில், பல வருஷங்களாகவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்து வந்திருக்கிறது என்று ஒரு கடைக்காரர் வெளியிட்டார். நிறுவனத்தின் பொறியாளர்களே பிறகு அதை ஒப்புக்கொண்டார்கள். அத்தனை வருஷமும் இந்தத் தேர்ந்த காதுகள் அந்தத் தட்டுகளை அனலாகின் உச்சம் என்று மெச்சிக்கொண்டிருந்தன. தட்டு நன்றாக ஒலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நன்றாகத்தான் ஒலித்தது. கேட்டது காது இல்லை, உறையில் அச்சான வாசகம் என்றுதான் சொல்கிறேன்.

இனி அந்த அபூர்வப் பிரதிக்கு வருகிறேன். முதல் பதிப்பு ஏன் அபூர்வமாயிற்று? குறைவாக அச்சிட்டதால். ஏன் குறைவாக அச்சிட்டார்கள்? வாங்க ஆளில்லை என்பதால். சின்னக் கூட்டத்துக்காக அச்சிடுகிற கஷ்டத்தை, இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, இன்று கண்ணாடித்தாளுக்குள் வைத்துப் பூஜிக்கப்படும் அந்த அபூர்வம், அவர் பாடிக்கொண்டிருந்தபோது கேட்க வராதவர்களின் எண்ணிக்கை. நாம் இல்லாமல் போனதன் அத்தாட்சியைத்தான் நாம் விலை கொடுத்து வாங்கிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையில் கூசுவதற்கு ஏதோ இருக்கிறது என்று எந்தச் சேகரிப்பாளருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கூச வேண்டிய இடம் இன்னொன்று. 2011 செப்டம்பரில் மோலினாவின் குடும்பத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். இங்கிலாந்து, சிகாகோ, இண்டியானாபொலிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று ஆஸ்பத்திரிகளுக்கும் குடிமீட்பு இல்லங்களுக்கும் மாறிமாறிப் போய்வந்திருக்கிறார், இப்போது மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் ஆடும் கோழியும் வளர்க்கிறார், மருத்துவக் காப்பீடு கிடையாது, கட்ட வேண்டிய பில்கள் குவிந்திருக்கின்றன, முடிந்தவர்கள் உதவுங்கள். பத்துப் பதினைந்து தட்டுகள் போட்ட கலைஞனின் நிலைமை இது. ஏற்கனவே நோய் இருக்கிறது என்று காரணம் காட்டிக் காப்பீட்டுக் கம்பெனிகள் பெரியவர்களைத் தள்ளிவிடக் கூடாது என்ற விதி அந்த நாட்டில் 2014 ஜனவரி 1ல்தான் அமலுக்கு வந்தது. மோலினா அதற்கு ஒன்பதரை மாதம் முன்பே போய்விட்டார். அந்த விதி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. குடி சட்டத்துக்குக் கட்டுப்படுகிற வஸ்து இல்லை. ஆனால் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஜார்ஜியாவின் விக் செஸ்நட், 1983ல் கார் விபத்தில் முடங்கிச் சக்கர நாற்காலியிலிருந்து பாடியவர், ஆஸ்பத்திரிக் கடனைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசிவந்த 2009லேயே, கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். ஒரு பழைய தட்டு இன்று டிஸ்காக்ஸ் சந்தையில் எவ்வளவுக்குக் கைமாறினாலும், பாடியவனுக்கோ அவன் வாரிசுக்கோ அதிலிருந்து ஒரு சென்ட் போவதில்லை. பயன்படுத்திய பொருளின் மறுவிற்பனை அது; சட்டப்படி எல்லாம் சரி. சட்டப்படி சரியாக இருப்பதை அன்பு என்று அழைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு: வேதனையை வழிபடுவது. “குடித்தே செத்தான், அதனால்தான் அப்படிப் பாடினான்” என்று ஒருவர் பரவசத்தோடு சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. தேதிகளைப் பாருங்கள். 1997லிருந்து 2009வரை ஏறத்தாழ வருஷம் ஒன்று என்ற கணக்கில் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அது ஒரு வேலைக்காரனின் வேகம், ஆலை ஊரில் வளர்ந்தவனின் ஒழுங்கு. 2009ல் ‘ஜோஸஃபின்’, அதே வருஷம் வில் ஜான்ஸனோடு சேர்ந்து ஒன்று. அதற்கான சுற்றுப்பயணம் உடல்நலக் குறைவால் ரத்தாயிற்று. பின்பு அவர் உயிரோடிருந்த மூன்று சொச்ச வருஷத்தில் முழு ஆல்பம் எதுவும் வரவில்லை. குடி அந்தப் பாட்டுகளை உண்டாக்கவில்லை; நிறுத்தியது. இந்த எளிய கணக்கைப் போட மறுத்து, கலைஞன் எரிந்து தீர வேண்டியவன் என்ற பழைய ரொமாண்டிக் பம்மாத்தைத் தட்டோடு சேர்த்து விற்கிறோம். செத்தவன் இந்த வியாபாரத்துக்குச் சௌகரியமானவன். நாளைக்குச் சுமாரான தட்டு ஒன்றைப் போட்டு நம் அலமாரியின் மதிப்பைக் குறைத்துவிட மாட்டான்.

மறுதரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் மோலினாவின் பெயர் எப்போதோ மறைந்திருக்கும். அவர்கள் வாங்குவதால்தான் 2013லும் 2014லும் 2018லும் பழைய ஆல்பங்கள் கூடுதல் பதிவுகளோடு திரும்ப வந்தன. 2020ல் ‘எய்ட் கேட்ஸ்’ என்று, அவர் லண்டனில் பதிவு செய்துவைத்ததும் வந்தது. உண்மை. சிறு நிறுவனங்கள் மூச்சுவிடுவது இவர்களால்தான் என்பதும் உண்மை. மறுபதிப்புகளை நான் பழிக்கவில்லை. மறுபதிப்பு, கேட்காதவனிடம் பாட்டைக் கொண்டுபோகிறது. சேகரிப்பாளன் மறுபதிப்பைக் கண்டு முகம் சுளிப்பதுதான் எனக்கு அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னும் ஆயிரம் பேர் அந்தப் பாட்டைக் கேட்கப் போகிறார்கள் என்ற செய்தி தன் பிரதியின் விலை விழுந்துவிடும் என்ற கவலையாக ஒருவனுக்கு வந்து சேர்ந்தால், அவன் நேசிப்பது எதை?

நேசிக்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தட்டுகளில் கீறல் உண்டு. உறையில் முன்பு வைத்திருந்தவரின் பெயர் பேனாவால் எழுதியிருக்கும், அழிக்க மாட்டார்கள். கிடைக்காத சிறுதட்டுகளைப் பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். மோலினாவின் பாட்டில் ஒரு கிதார் எங்கே நின்று எங்கே மறுபடி நுழைகிறது என்று சொல்வார்கள்; எத்தனையாவது பிரதி என்று கேட்டால் உறையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இவர்கள் சொற்பம். கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார்கள்.

மற்றவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித்தாளைக் கிழியுங்கள். ‘டிடன்ட் இட் ரெய்ன்’ தட்டை எடுத்து, இன்னொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கேளுங்கள். பிறகு உயிரோடிருக்கிற, காலி அறைகளில் இருபது பேருக்கு முன்னால் பாடிக்கொண்டிருக்கிற ஒருவரின் தட்டை, பாடியவர் கையிலிருந்தே முழு விலை கொடுத்து வாங்குங்கள். தட்டு தேயும் என்பீர்கள். தேயட்டும். தேய்ந்தால் மறுபதிப்பு கிடைக்கும்.