அந்தப் பிள்ளைக்கு வரவு இடுங்கள்

நான் மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் பாடசாலைக்கு அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று அறிவித்தார்கள். காலை எட்டு மணிக்கே வீதியின் இரு மருங்கிலும் எங்களை வெயிலில் நிறுத்தினார்கள். கையில் ஆளுக்கொரு கடதாசிக் கொடி. அமைச்சர் வந்து சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. அன்று ஒரு பாடமும் நடைபெறவில்லை. ஆயினும், வரவு இடாப்பில் எங்கள் அனைவருக்கும் வரவு இடப்பட்டிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலக் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவை வாசித்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது. காலமான முன்னாள் படைவீரர் ஒருவரின் இராணுவ மரியாதையுடனான இறுதிச் சடங்கில் 'டாப்ஸ்' என்ற இசையை ஊதச் செல்லும் 6ஆம் தரம் முதல் 12ஆம் தரம் வரையான மாணவருக்கு, அந்த நேரத்துக்குப் பாடசாலை விலக்கு அளிக்கிறது. இரண்டு நாட்களுக்கு முன் அதிபருக்கு அறிவிக்க வேண்டும். மரணம் முன்னறிவித்து வருவதில்லை என்பதால் அதையும் தளர்த்தலாம். தவறவிட்ட பாடங்களைச் செய்து முடிக்க அவகாசம் தரப்பட வேண்டும். மாவட்டத்தின் வரவுக் கணக்கில் அம்மாணவர் பாடசாலையில் இருந்தவராகவே கொள்ளப்படுவார். டெக்சாஸிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்கே அது பாடசாலை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.

இப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? 1862இல், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, வேர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த ஜெனரல் டானியல் பட்டர்ஃபீல்ட் இந்த இசைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். மொத்தம் 24 சுரங்கள். விளக்கை அணைத்து உறங்கச் செல்லுங்கள் என்பதே அதன் பொருள். 2000ஆம் ஆண்டு முதல், குடும்பத்தார் கேட்டால் தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரரின் இறுதிச் சடங்கிலும் குறைந்தது இரு படையினர் நின்று கொடியை மடித்துக் கொடுத்து, இவ்விசையை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால், இரண்டாம் உலகப் போரில் சேவையாற்றிய 1.6 கோடிப் பேர் முதுமையெய்தி மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஊதுவதற்குப் போதிய கலைஞர்கள் படைகளில் இல்லை. ஒலிப்பதிவே பெரும்பாலும் கைகொடுத்தது. 2003இல் பென்டகன் ஒரு கருவியையும் அறிமுகப்படுத்தியது. பியூகிளுக்குள் பொருத்திய மின்னணுச் சாதனம் இசைக்கும். படைவீரர் அதனை ஊதுவதுபோல் உதட்டில் வைத்து நிற்பார்.

அந்தப் பாவனைக்குப் பதிலாகவே, பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரம்பெட் பழகிய ஒரு பிள்ளை மயானத்துக்குச் செல்கிறது.

இது பிள்ளைகளுக்கு யுத்தத்தின் மீது மோகத்தை ஊட்டாதா என்று கேட்கலாம். நினைவுகூரும் உரிமையே சர்ச்சைக்குரியதாகிவிட்ட ஒரு நாட்டிலிருந்து எழுதும் நான் அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய மாட்டேன். அணிவகுப்புக்கும் வெற்றி விழாவுக்கும் மாணவர்களை அழைத்துச் செல்வதை நான் என்றும் எதிர்ப்பேன். ஆனால், இந்தச் சட்டம் விழா எதற்கும் விடுப்புத் தரவில்லை. ஒரு மனிதரின் அடக்கத்துக்கு மட்டுமே தருகிறது. அங்கே அந்தப் பிள்ளை காண்பது வெற்றியை அல்ல; மடித்த கொடியை வாங்கிக்கொள்ளும் ஒரு மனைவியை, ஒரு மகனை. யுத்தத்தைப் பற்றி எந்த வகுப்பறையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லிக்கொடுக்காது.

படையினரைப் போருக்கு அனுப்பத் தெரிந்த அரசுக்கு அவர்களை வழியனுப்ப ஆள் தேட முடியாமற்போனது வெட்கக்கேடுதான். பிள்ளைகளின் முன்வருகை அந்தக் குறையை மன்னித்துவிடாது. அதேபோல், விருப்பமில்லாத எந்தப் பிள்ளையையும் பாடசாலை இதற்கு அனுப்பக் கூடாது.

1963 நவம்பரில், ஆர்லிங்டன் மயானத்தில் ஜனாதிபதி கென்னடியின் அடக்கத்தின்போது இவ்விசையை ஊதிய கீத் கிளார்க்குக்கு ஆறாவது சுரம் பிசகியது. கேட்டவர்கள் பலர் அதை ஒரு விம்மலாகவே எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் சுரம் பிசகலாம். ஒலிப்பதிவு பிசகாது. ஆனால், ஒலிப்பதிவு யாருக்காகவும் பாடத்தை விட்டு வருவதில்லை.

தாமதமாக வந்த அமைச்சருக்காக வெயிலில் நின்ற எங்களுக்கு அன்று வரவு இட்டார்கள். முன்பின் அறியாத ஒரு முதியவருக்காக மயானத்தில் நிற்கும் பிள்ளைக்கு வரவு இடுவதில் தயக்கம் எதற்கு?