அடுக்களையிலிருந்து கத்த வேண்டாம்



வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றால் முதலில் எல்லோர் குரலும் உயரும். அடுத்து, பணம் புரட்டி ஒரு காது மிஷின் வாங்குவோம். சில மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விடும். ‘வாங்கிக் கொடுத்தும் போட மாட்டேங்கிறார்’ என்ற புகாரும் கிளம்பும். அவரைக் குறை சொல்லுமுன் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

வயதால் கேள்விப்புலன் குறையும்போது பெரும்பாலும் மெல்லிய, கூரிய ஒலிகள்தான் முதலில் நழுவுகின்றன. உயிரொலி காதில் விழும். ச, த, ப போன்றவை பிடிபடாது. ‘பால்’ என்றாலும் ‘கால்’ என்றாலும் ஒன்றுபோலவே கேட்கும். ‘சத்தம் கேட்குது, என்னன்னு புரியலை’ என்று அவர் சொல்வது முழு உண்மை. கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். பக்கத்தில் போய், முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். அடுக்களையிலிருந்து கூடத்துக்குச் சேதி அனுப்பும் நம் வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

இன்றைய வீடுகளில் தரையெல்லாம் டைல்ஸ், ஜன்னலெல்லாம் கண்ணாடி, சுவரோ மொட்டை. ஒலியை உறிஞ்சிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து குழப்புகிறது. மிஷின் பேச்சோடு மிக்சியையும் குக்கர் விசிலையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. கனத்த திரைச்சீலை போடுங்கள். விருந்தாளிக்கென்று மடித்து வைத்திருக்கும் பவானி ஜமக்காளத்தை எடுத்து விரியுங்கள். ஓரம் காலில் தடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். காது விட்டதைக் கண் உதட்டசைவில் பிடிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நாம் நின்றால் நம் முகம் இருட்டாகிவிடும். அவர் நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால் போட்டால் வெளிச்சம் நம் முகத்தில் விழும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் வெளிச்சம், பார்வைக் கோணம், சுவரின் நிறம், எதிரொலி எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக் கட்டடக் கலையையே வகுத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். காலிங் பெல்லோடு ஒரு பல்பும் எரிய எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கூடத்து விளக்கு ஒன்றை அதில் சேருங்கள். கரண்ட் போனால் அவருக்குப் பேச்சும் போய்விடக் கூடாது.

காசு செலவில்லாத ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிது என்பேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ‘என்னப்பா?’ என்று அவர் கேட்கிறார். ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்கிறோம். இப்படி நாலு முறை நடந்தால் அவர் கேட்பதையே நிறுத்திவிடுவார். பிறகு கூடத்துக்கு வருவதும் குறையும். எந்த மிஷினும் அவரைத் திரும்ப அழைத்து வராது. அந்த ஜோக்கை மறுபடி சொல்லுங்கள், சுவை கெட்டாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டில் செய்து பலன் கண்ட ஏற்பாடுகள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். காது மந்தமானவர்களே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்