ஆலை வலையமைப்பின் சாவி யாரிடம்? தொலைவழிப் பராமரிப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

நூற்பாலையில் இறக்குமதி செய்த எந்திரம் ஒன்று நின்றுவிட்டால், அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் விமானம் ஏறி வரும்வரை இன்று யாரும் காத்திருப்பதில்லை. பேனலுக்குள் சிம் போட்ட சிறிய ரவுட்டர் ஒன்று இருக்கும். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர் அதன் வழியே, எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்குள் நுழைந்து கோளாறைச் சரிசெய்துவிடுவார். இந்த வசதியைக் கைவிடும்படி எந்த ஆலையிடமும் சொல்ல முடியாது, சொல்லத் தேவையுமில்லை. அந்த ரவுட்டரைத் திறக்கவும் மூடவும் யாருக்கு அதிகாரம் என்பதுதான் கேள்வி. பல இடங்களில் அது எந்திரத்தை விற்றவர் கையில் இருக்கிறது. ஆலையின் ஷிஃப்ட் பொறுப்பாளர் கையில் இருக்க வேண்டும் என்பது இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

உள்ளே நுழைந்தவரைத் தடுக்கும் இயல்பு ஆலை வலையமைப்புக்குப் பெரும்பாலும் கிடையாது. இன்றும் பரவலாக ஓடும் மோட்பஸ் நெறிமுறையை மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. ஒரே கூரையின் கீழ் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் கருவிகளுக்காக எழுதப்பட்டதால், கட்டளை இடுவது யார் என்று அது கேட்பதில்லை, வந்ததைச் செய்யும். பின்னர் ஈதர்நெட்டில் ஏறியபோதும் அந்த வெள்ளை மனது அப்படியே தொடர்ந்தது.

“எங்கள் ஆலைக்கும் இணையத்துக்கும் தொடர்பே இல்லை” என்ற பதிலும் போதாது. ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அது பென் டிரைவ் வழியாகவும் பரவி, சீமென்ஸ் பிஎல்சிகளின் நிரலை மாற்றும்படி எழுதப்பட்டிருந்தது. சுவர் இருப்பதாக நம்பும் ஆலையில் கதவுகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான ஆதாரம் உக்ரைனில் கிடைக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று அங்கே மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டன. ஒரு கட்டுப்பாட்டு அறையில், தொடாத மவுஸின் சுட்டி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறப்பதை ஊழியர்கள் கண்ணெதிரே கண்டார்கள். சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. தாக்கியவர்கள் பல மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சல் இணைப்பு வழியாக அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்து கடவுச்சொற்களைத் திரட்டி, ஊழியர்கள் பயன்படுத்தும் அதே விபிஎன் வழியாகக் கட்டுப்பாட்டு வலையமைப்பை அடைந்திருந்தார்கள். அங்கே கடவுச்சொல்லுக்கு மேல் வேறு சரிபார்ப்பு இல்லை. துணை மின்நிலையங்களோடு பேசும் மாற்றிக் கருவிகளின் உள்நிரலையும் அழித்தார்கள். ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஆட்கள் வண்டியேறிப் போய் பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்ட ஆலைகளுக்கு அந்தக் கைவேலை தெரிந்திருக்கிறதா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

2017-இல் சவூதி அரேபியப் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. அங்கே தாக்கப்பட்டது, விபத்து நேரும்முன் ஆலையை நிறுத்த வேண்டிய டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் முகப்பில் ஒரு சாவி உண்டு. சாவி ‘ரன்’ நிலையில் இருந்தால் நிரலை மாற்ற முடியாது. அது ‘புரோகிராம்’ நிலையில் விடப்பட்டிருந்தது. தாக்கியவர்களின் நிரலில் நேர்ந்த பிழையால் ஆலை டிரிப் ஆனதுதான் அதிர்ஷ்டம். சாவியைத் திருப்பி வைக்கச் செலவு ஏதுமில்லை.

எனவே தொலைவழி இணைப்பு இயல்பாக மூடியே இருக்க வேண்டும். வேலை வரும்போது ஆலையின் பக்கமிருந்து, அந்த வேலைக்காக மட்டும், நேரம் குறித்துத் திறக்க வேண்டும். ‘சர்வீஸ்’ என்ற பொதுப் பெயரில் பலர் நுழையும் கணக்குகளை ஒழித்து, ஆளுக்கொரு கணக்கும் இரண்டாம் சரிபார்ப்பும் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் நேராக பிஎல்சியைத் தொடாமல், அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட ஒரு சர்வரில் இறங்கி அங்கிருந்து செல்ல வேண்டும். ஐஇசி 62443 தரநிலை வலையமைப்பை மண்டலங்களாகப் பிரிக்கச் சொல்வதும் இதற்காகவே. பாதுகாப்புக் கருவிகளுக்குத் தொலைவழி நுழைவு கூடவே கூடாது. இவற்றைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். எந்திரம் வந்து இறங்கிய பிறகு கேட்டால், வாரண்டி போய்விடும் என்ற பதில்தான் கிடைக்கும்.

பழைய கணக்குகளை மூடுவதும் இதில் அடங்கும். 2021 மே மாதம் தாக்கப்பட்ட அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள், பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியாகவே நுழைந்தார்கள். எண்ணெய்க் குழாயின் கட்டுப்பாடு தாக்கப்படவில்லை. ஆனாலும் அது அப்போது உறுதியாகத் தெரியாததால் நிறுவனமே குழாயை நிறுத்தியது.

ஐடி பிரிவுக்கும் மெயின்டனன்ஸ் பிரிவுக்கும் இடையிலான இழுபறியை இவ்வமைப்பு அறியும். அலுவலகக் கணினியில் அப்டேட்டை இன்றிரவே போடலாம். ஆலையில் அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் சாதாரணமான ஒரு ஸ்கேன், பழைய பிஎல்சியை நிறுத்திவிடக்கூடும். விதிகளை இரு பிரிவும் சேர்ந்து எழுதட்டும். கதவைத் திறப்பதில் மட்டும் கடைசிச் சொல் ஆலைத் தரப்பினுடையது.

சம்பவத்தை மறைப்பதால் அடுத்த ஆலை அதே குழியில் விழுகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019 அக்டோபர் 29 அன்று தாக்குதலே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாள், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்ற விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமிருந்திருக்காது. அதே ஆண்டு மார்ச்சில் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல் நடந்த அன்றே வெளிப்படையாகப் பேசியது, பணயத்தொகையும் தரவில்லை.

இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இவ்வமைப்பு இதை ஏற்கிறது. தெரிவிக்கப்பட்டவற்றின் பாடங்கள், ஆலையின் பெயர் நீக்கப்பட்டு, தொழில்வாரியாகத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரும்பி வரவும் கோருகிறது.

ஒரே எலக்ட்ரீஷியனை வைத்து நடக்கும் சிறு ஆலைக்கு இடைச் சர்வர் கட்டுப்படியாகாது. அங்கே ரவுட்டருக்குப் போகும் மின்சாரத்தைப் பேனலில் ஒரு சாவி சுவிட்ச் வழியாகக் கொடுத்து, இணைப்பு திறந்திருக்கும்போது எரியும் விளக்கு ஒன்றைப் பொருத்தினால் போதும். சாவி பொறுப்பாளரிடம் இருக்கும். யாருக்காக, எப்போது திறந்தது என்பது லாக் புத்தகத்தில் இருக்கும்.