கணினி ஆய்வகத்தில் ஸ்பீக்கர் வேண்டும்

பாலிடெக்னிக்கில் சி மொழி நடத்துகிறேன். பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும் பாடம் வந்தாலே மாணவர் முகம் வாடிவிடும். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்பார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் பதில் அவர்களிடம் எடுபடுவதில்லை. காதில் விழுந்தால் எடுபடுகிறது.

பின்லாந்தின் வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா 2011-ல், ஒரே வரி சி நிரலில் இசை பிறக்கும் என்று காட்டினார். பைட்பீட் என்று பெயர். வாத்தியமும் இல்லை, பதிவுசெய்த ஒலியும் இல்லை. டி என்ற எண் வினாடிக்கு 8000 முறை ஒவ்வொன்றாகக் கூடும். அதன் கடைசி எட்டு பிட்டுகள் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 255 வரை ஏறி மறுபடி பூஜ்யம் என்று வினாடிக்கு 31 சுற்று சுற்றுவதால் கனத்த ரீங்காரம் கேட்கும். டியை இரண்டால் பெருக்கினால் ஒரு ஸ்தாயி மேலே. மூன்றால் பெருக்கினால் அங்கிருந்து பஞ்சமம். ஐந்துக்கு, அதற்கடுத்த ஸ்தாயியின் அந்தர காந்தாரம். இனி, டியை 13 இடம் வலப்பக்கம் நகர்த்தி, வருவதில் கடைசி மூன்று பிட்டை மட்டும் வைத்து, அதைக் கொண்டு டியைப் பெருக்குங்கள். ஒரு வினாடி மௌனம். பிறகு வினாடிக்கு ஒரு ஸ்வரமாக ஏழு படி ஏறி, மறுபடி முதலிலிருந்து. 13-ஐ 12 ஆக்கினால் இரண்டாம் காலம்! ஓர் இடம் நகர்த்துவது இரண்டால் வகுப்பது என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி, ஓடுகிற நிரலை மேடையிலேயே திருத்தி வாசிப்பதுதான் லைவ் கோடிங். 2004-ல் ஹாம்பர்க்கில் உருவான டோப்லாப் குழு, கலைஞரின் திரையைச் சபைக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றது. அதுதான் எனக்கு முக்கியம். கேட்டவுடன் முழுப்பாட்டை உருவாக்கித் தரும் செயலியிடம், இந்த ஸ்வரம் ஏன் வந்தது என்று மாணவன் கேட்க முடியாது. இங்கே அந்த வரி கண்முன்னே இருக்கிறது.

லைவ் கோடிங்குக்கென்றே அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய டைடல்சைக்கிள்ஸ் மொழியின் தாளக் குறியீட்டில் போல் பிராசஸரின் சாயல் உண்டு. லக்னோ தபலா வாசிப்பை இலக்கண விதிகளாக எழுத, 1980-களில் ஜேம்ஸ் கிப்பனும் பெர்னார் பெல்லும் செய்த மென்பொருள் அது. கொன்னக்கோல் சொல்லிப் பழகிய நம் பிள்ளைக்கு, தாளத்தைக் குறியீடாக எழுதும் இந்த வழி புதிதாக இருக்காது.

ஆய்வகத்தில் சத்தம் கூடாது என்பார்கள். ஹெட்போன் கொடுங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில், பிட் அத்தியாயத்துக்கு பைட்பீட்டை ஒரு செய்முறையாகச் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் போதும்.