கொழுந்து பறிக்க ஆளில்லையாம்!

தோட்டத்துப் பிள்ளைகள் தோட்ட வேலையை வெறுக்கிறார்கள், அதனால்தான் கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்று கம்பனிகள் வருடக்கணக்காகப் புலம்பி வருகின்றன. சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் புலம்பல் கொஞ்சம் உரக்கக் கேட்கும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோது செக்ரோலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் பேர் இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. ஆள் குறைந்துவிட்டது உண்மைதான். ஏன் குறைந்தது என்று மட்டும் கம்பனிகள் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை.

சாதாரண தரம் எழுதிவிட்டு லயத்துக்கு வருகிற பிள்ளைக்கு முன்னால் என்ன இருக்கிறது? மலைக்குப் போனால் கொழுந்து, கவ்வாத்து, மருந்தடிப்பு. முப்பது வருஷம் கழித்தும் அதே கொழுந்து, அதே கவ்வாத்து. கெட்டிக்காரனாக இருந்தால் கங்காணி ஆகலாம், அதோடு சரி. வெளிக்கள உத்தியோகத்தர், டீமேக்கர், காரியாலயக் கிளார்க் என்று மாதச் சம்பள வேலைகள் அதே தோட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் வெற்றிடம் வந்தபோது பெரட்டுக் களத்தில் தமிழில் அறிவித்தல் ஒட்டியதைக் கண்டவர்கள் எத்தனை பேர்? புது ஆள் வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் வெற்றிடம் இருந்ததே நமக்குத் தெரியவருகிறது. சின்னதுரை பதவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், நம் லயங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. முகாமைத்துவம் படிப்பிக்கும் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனமோ அத்துருகிரியவில். இவற்றில் என்ன படிக்கலாம், எப்படி விண்ணப்பிப்பது என்று நம் பாடசாலைகளில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஆகவே பிள்ளை கொழும்புக்கு பஸ் ஏறுகிறது. புறக்கோட்டையில் ஒரு கடை, கடைக்கு மேல் தட்டில் படுக்கை, விடிந்ததிலிருந்து இரவு வரை வேலை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்கிறது. சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டவேண்டும் என்பதும் சட்டம். தீபாவளிக்கு ஊருக்கு வரும் நம் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். கடிதம் இல்லை. நிதி இலக்கம் இல்லை. ஐந்து வருஷம் உழைத்துவிட்டு வந்தவன் கையில், இன்ன இடத்தில் இன்ன வேலை பார்த்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போவதை நாங்கள் எதிர்க்கவில்லை. டொக்டராகட்டும், எலக்ட்ரீஷியனாகட்டும், போகட்டும். கைத்தொழிலும் சான்றிதழும் இல்லாமல், வெறுங்கையோடு போக வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நாட்டில் ஏற்பாடு இல்லாமலில்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. வெல்டிங், வயரிங், மோட்டார் மெக்கானிசம் படித்து நான்காம் மட்டம் எடுத்தவர் டிப்ளோமாவுக்கும், பிறகு இரத்மலானையிலுள்ள யுனிவொடெக் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் ஏறலாம். அனுபவத்தால் தொழில் பழகியவர்களைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் உண்டு. ஃபெக்டரியில் இருபது வருஷமாக ரோலர் கழற்றிப் பூட்டுகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது வந்து சொன்னார்கள்? சொல்ல வேண்டிய தொழில் வழிகாட்டல் அதிகாரி வருஷத்தில் ஒரு நாள் பாடசாலைக்கு வந்தால் அதுவே பெரிய விஷயம். வந்தாலும் கையில் சிங்களத் துண்டுப்பிரசுரம். தமிழ் 1987இல் அரசகரும மொழியாகிவிட்டது. பயிற்சி நிலையத்துக்குப் போனால் தமிழ் மொழி மூலம் போதனாசிரியர் இல்லை என்ற பதில்தான் இன்னும் கிடைக்கிறது. பாடநெறி இலவசம் என்றாலும் பஸ் காசும் தங்குமிடமும் இலவசமில்லையே. ஒரு தாயின் ஒரு நாள் பேர் அதற்கே போய்விடும்.

இடையிடையே தொழிற் சந்தை என்று ஒன்று நடக்கும். பந்தல், பேச்சு, மதியச் சாப்பாட்டுப் பார்சல். ஆடைத் தொழிற்சாலையும் பாதுகாப்புச் சேவைக் கம்பனியும் படிவம் நிரப்பி ஆள் பிடித்துக்கொண்டு போகும். இதற்குப் பெயர் இளைஞர் அபிவிருத்தி! முன்பு கூட்டு ஒப்பந்தம் இருந்தபோது இவற்றைக் கேட்க ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவைத் தீர்மானித்ததும் கம்பனிகள் அதிலிருந்து விலகிக்கொண்டன. அந்த மேசையையும் இழுத்துக்கொண்டு போனவர்கள் இன்று ஆளில்லை என்று எங்களிடம் முறையிடுகிறார்கள்.

தோட்ட உத்தியோக வெற்றிடம் ஒவ்வொன்றும் பெரட்டுக் களத்திலும் பாடசாலையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும், தகைமையுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்று கேட்கிறோம். ஒவ்வொரு ஃபெக்டரியிலும் சம்பளத்தோடு பயிலுநர் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். பெருந்தோட்டப் பிரதேசப் பயிற்சி நிலையங்களுக்குத் தமிழ்ப் போதனாசிரியரும், தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விடுதியும் பயணக் கொடுப்பனவும் வேண்டும். அமைச்சரின் சிபாரிசுக் கடிதம் வாங்கி வரச்சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். கடிதம் கிடைக்காத பிள்ளையும் பரீட்சை எழுதித்தான் பாஸ் பண்ணியிருக்கிறது.

இதைத் தொழில் அமைச்சிடமும் கம்பனிகளிடமும் எழுத்தில் கொடுக்கப் போகிறோம். வெறும் கோரிக்கையாகக் கொடுத்தால் கோப்புக்குள் போய்விடும். எனவே தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் லயம் லயமாகப் போய், சாதாரண தரமோ உயர்தரமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் அல்லது கடிதமில்லாத வேலையில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், படிப்பு, விரும்பும் தொழில் ஆகியவற்றை எழுதி எடுக்க வேண்டும். கடைசி ஐந்து வருஷத்தில் உங்கள் தோட்டத்தில் எந்தெந்த உத்தியோகங்களுக்கு வெளியாட்கள் வந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல்கள் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னர் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும்.